கொடுக்கிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்

அன்புள்ள தாயி,

நாய்க்குட்டி வந்த செய்தியைவிட, அதற்குப் பிறகு நீ கேட்ட கேள்விதான் எனக்கு அதிக சந்தோஷம் தந்தது. “தாத்தா, குட்டிக்கு என்னென்ன பழம் கொடுக்கலாம்?” என்று கேட்டாய். கொடுத்துவிட்டு ஓடி வந்து கேட்கிறவர்களைத்தான் நான் வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறவர்கள் குறைவு.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பப்பாளி, வாழை, தர்பூசணி, மாம்பழம், ஆப்பிள், கொய்யா எல்லாம் கொடுக்கலாம். தோல், கொட்டை, விதை நீக்கி, சின்னத் துண்டாக, எப்போதாவது. திராட்சை, காய்ந்த திராட்சை, புளி இந்த மூன்றும் ஒரு நாளும் கூடாது. உன்னுடையது இன்னும் குட்டி. குட்டிகளுக்கு உரிய தீவனத்தில் அதன் வயிறு நிலைப்படும்வரை எந்தப் பழமும் அவசரமில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கால்நடை ஆய்வாளராக இருந்தவனிடம் கேட்டுவிட்டாய். மாட்டாஸ்பத்திரிக்காரர் என்றுதான் கம்பம், கூடலூர் பக்கம் என்னை இன்றைக்கும் அடையாளம் சொல்வார்கள். மாடு, ஆடு, நாய் இவற்றோடு பழகியதில் எனக்குத் தெளிவான பாடம் ஒன்று உண்டு. கேட்கிறவருக்குத் தெரியாது, கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாய் உன் தட்டைப் பார்க்கும், உன் முகத்தைப் பார்க்கும், வாலை ஆட்டும். “எனக்கும்” என்பது மட்டும்தான் அதன் விண்ணப்பம். அது தனக்கு ஆகுமா, ஆகாதா என்ற கேள்வி முழுக்க உன் பக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு கொடுக்கிறதைத்தான் நான் பாசம் என்பேன். அதற்கு முன்னால் கொடுப்பது நம் கை அரிப்பு.

பழம் அதற்கு விருந்து, சாப்பாடு இல்லை

நாய்க்கு இனிப்பு ருசிக்கும். பூனைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து போய்விட்டது. நாய்க் குடும்பம் அப்படி இல்லை. குள்ளநரி இலந்தைப் பழத்தைத் தேடிப் போய்த் தின்னும். மனிதனை அண்டி வாழ்ந்ததில் நாயின் குடலும் நம் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டது. 2013-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள் என்றால் நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதைக் காட்டியது. நம் ஊர் நாய்கள் கம்பங்கூழும் சோறும் தின்று காவல் காத்ததன் பின்னணி இதுதான்.

அதற்காக, நமக்குப் போலவே நாய்க்கும் பழம் அவசியம் என்று நினைத்துவிடாதே. நம் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது, அதனால் பழமும் காயும் நமக்குக் கட்டாயம். நாயின் ஈரல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். சத்தான நாய்த் தீவனமோ, முட்டையும் இறைச்சியும் சோறும் கணக்காகச் சேர்ந்த வீட்டுச் சாப்பாடோ கிடைக்கிற நாய்க்குப் பழம் இல்லாவிட்டால் ஒரு குறையும் வராது. பழம் அதற்கு விருந்து. விருந்து எப்போதாவது வந்தால்தான் விருந்து.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. ஒரு நாளைக்கு வேண்டிய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரித் தீனி போகக் கூடாது. 10 கிலோ எடையுள்ள, ஓடியாடுகிற நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். பத்தில் ஒரு பங்கு 60. இப்போது பழத்தைப் பார். 100 கிராம் தர்பூசணியில் ஏறக்குறைய 30 கலோரி, பப்பாளியில் 43, ஆப்பிளில் 52, மாம்பழத்தில் 60, கொய்யாவில் 68, வாழையில் 89. பேரீச்சையில் 280-ஐத் தொட்டுவிடும். அந்த 60 கலோரி பழத்துக்கு மட்டும் ஒதுக்கியது இல்லை. பிஸ்கட், சப்பாத்தித் துணுக்கு, உன் அப்பா கண்மறைவாகப் போடுகிற முறுக்கு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மூன்று நான்கு குளுக்கோஸ் பிஸ்கட் போட்டாலே அந்தப் பங்கு தீர்ந்துவிடும்.

ஆகவே தினம் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கிற நாளில் விரல் நுனி அளவு துண்டுகள் ஐந்தாறு போதும். புதிதாக ஒரு பழத்தை அறிமுகப்படுத்தும்போது ஒரே ஒரு துண்டு கொடுத்துவிட்டு மறுநாள்வரை பார். வாந்தி, கழிச்சல், உடம்பு சொறிதல் எதுவும் இல்லையென்றால் அந்தப் பழம் அதற்கு ஒத்துக்கொள்கிறது. நாய் எண்ணிக்கை பார்க்காது, நீ கொடுத்ததைத்தான் பார்க்கும். ஒரு முழுப் பழத்தை ஒரே வாயில் விழுங்குவதைவிட, ஐந்து முறை உன் கையிலிருந்து வாங்கித் தின்பதில் அதற்குக் கொண்டாட்டம் அதிகம்.

பாதி பத்திரம் கத்தியில் இருக்கிறது

பழங்களில் வருகிற ஆபத்தில் பெரும்பகுதி சதையில் இல்லை. கொட்டை, விதை, தோல், காம்பு இவற்றில் இருக்கிறது. அதனால் நறுக்குகிற பொறுமைதான் முதல் மருந்து.

மாம்பழத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரியகுளத்து மாந்தோப்புகளில் சீசன் நேரத்தில் எங்கே பார்த்தாலும் கொட்டை கிடக்கும். நாம் சப்பிப் போட்ட கொட்டையில் மணமும் இனிப்பும் இருக்கிறதால் நாய் அதை விடாது. வழவழவென்று இருப்பது நக்கிக்கொண்டிருக்கும்போதே நழுவித் தொண்டைக்குள் போகும், அல்லது விழுங்கப்பட்டுக் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் வாந்தி நிற்காது, சாப்பாடு இறங்காது, மலம் வராது. கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நாய்க்குக் கொடுக்க வேண்டியது கன்னத்துச் சதையில் சில துண்டுகள். கொட்டை குப்பைக்கு, அதுவும் மூடியுள்ள குப்பைத் தொட்டிக்கு. மாந்தோலும் வேண்டாம், செரிக்காது, அதில் உள்ள பால் சில உடம்புக்கு ஒவ்வாது.

ஆப்பிளில் நடுப்பகுதியை எடுத்துவிடு. விதையில் உள்ள ஒரு பொருள், மென்று அரைபட்டால் சயனைடு விடும். கொடைக்கானலிலிருந்து வருகிற பிளம்ஸ், பீச் கொட்டைகளிலும் அதே பொருள்தான். தர்பூசணியில் சிவப்புச் சதை மட்டும். விதையும் பச்சைத் தோலும் கூடாது. பப்பாளியில் மிளகு மாதிரிக் கறுத்த விதையைச் சுரண்டிவிட்டுக் கொடு. வாழையில் தோல் விஷமில்லை, ஆனாலும் குடலில் கட்டிக்கொள்ளும். அன்னாசியில் முள்தோலோடு நடுத்தண்டையும் நீக்க வேண்டும். சப்போட்டா விதையின் முனையில் கொக்கி மாதிரி வளைவு இருக்கும், தொண்டையில் மாட்டினால் சங்கடம். கொய்யாவைப் பழுத்ததாகப் பார்த்து, விதைப் பகுதியைத் தள்ளிவிட்டுக் கொடு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பஸ் ஸ்டாண்டுக் கொய்யா உனக்கு, அதற்கு இல்லை.

சீத்தாப்பழத்தில் எனக்கு எச்சரிக்கை அதிகம். அந்த விதையைப் பேன் சாகத் தலையில் அரைத்துப் பூசுவதை உன் அப்பத்தா சொல்லியிருப்பாள். பூச்சியைக் கொல்லுகிற விதை அது. ஒவ்வொரு சுளைக்குள்ளும் ஒரு விதை ஒளிந்திருக்கும் பழத்தை நாய்க்கு ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க எத்தனையோ பழம் இருக்கிறது. எலுமிச்சை, நார்த்தை இவற்றின் தோலில் உள்ள எண்ணெய் நாய்க்கு ஆகாது. ஆரஞ்சுச் சுளை ஒன்றிரண்டு பரவாயில்லை. பட்டர் ஃப்ரூட்டில் உள்ள நச்சு ஆட்டையும் குதிரையையும் பறவையையும் பாதிக்கிற அளவுக்கு நாயைப் பாதிக்காது. ஆனால் அதிலுள்ள கொழுப்பு கணையத்துக்குச் சுமை, கொட்டையோ முழுங்கினால் அடைப்பு. விட்டுவிடு.

மரத்தடியில் விழுந்து அழுகிய பழத்தையும் கணக்கில் எடுத்துக்கொள். புளித்துப்போன பழத்தில் சாராயம் ஊறியிருக்கும். அதைத் தின்ற நாய் தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், படம்கூட எடுப்பார்கள். அது போதை விளையாட்டில்லை, சாராய நஞ்சு. நாயின் உடம்பு அதைத் தாங்காது.

இன்னொன்று. எல்லா ஆபத்தையும் ஒரே தட்டில் வைத்து அலறாதே. ஓர் ஆப்பிள் விதையை முழுசாக விழுங்கிய நாய் சாகாது. நிறைய விதை மென்றால்தான் சயனைடு கணக்குக்கே வரும். மாங்கொட்டையை விழுங்கிய நாயை அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பயம் பயந்தால், நிஜமான ஆபத்து வரும்போது பயம் தீர்ந்து போயிருக்கும். எது லேசு, எது கடுமை என்று தரம் பிரிக்கத் தெரிவதுதான் வயதானவர்களிடம் இளசுகள் வாங்கிக்கொள்ள வேண்டியது.

திராட்சையும் புளியும்

கடுமையான பக்கத்தில் முதலில் நிற்பது திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை விளைகிற மண் இது. வருஷம் முழுக்க அறுவடை உண்டு. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களுக்குச் சோறு போட்ட பழம். ஆனால் நாய்க்கு அது எமன்.

இது உலகத்துக்கே தாமதமாகத் தெரிந்த விஷயம். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் விலங்குகளுக்கான நஞ்சு ஆலோசனை மையத்தில் இருந்தவர்கள், தங்களுக்கு வந்த அழைப்புகளின் பதிவுகளைப் புரட்டியபோது ஓர் ஒற்றுமையைக் கண்டார்கள். திராட்சையோ காய்ந்த திராட்சையோ தின்ற நாய்கள் வாந்தி எடுக்கின்றன, பிறகு சிறுநீரகம் கெட்டுப் போகிறது. 2001-இல் கால்நடை மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இதைக் கடிதமாக எழுதினார்கள். அதற்கு முன்னால், பழக்கும்போது பரிசாகத் திராட்சை கொடுத்தவர்களும் உண்டு.

ஏன் அப்படி ஆகிறது என்பது அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை. பூச்சிமருந்தா, பூஞ்சையா, கன உலோகமா என்று தேடினார்கள். விடை அடுப்படியிலிருந்து வந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்குத் திராட்சை தின்றதைப் போலவே வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வந்தன. அந்த மாவில் கேக் செய்யப் பயன்படுகிற ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ நிறையக் கலந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையின் புளிப்பும் அதே அமிலம்தான். இந்தத் தொடர்பை அதே மையத்தார் 2021-இல் எழுதினார்கள். நம் சிறுநீரகம் சிரமமில்லாமல் வெளியே தள்ளுகிற அந்த அமிலம் நாயின் சிறுநீரகத்து நுண்குழாய்களில் தேங்கிச் சேதம் செய்கிறது என்பது இப்போதைய கருத்து. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரியை நாம் கேலி செய்கிறோம். நாய்க் குடும்பத்தில் பிறந்ததற்கு அது சொன்னதுதான் சரி.

பழத்துக்குப் பழம், ரகத்துக்கு ரகம், பழுத்த பக்குவத்துக்குப் பக்குவம் இந்த அமிலத்தின் அளவு மாறும். நாய்க்கு நாய் தாங்குதிறனும் மாறும். அதனால் “இத்தனை பழம்வரை பரவாயில்லை” என்று எந்த டாக்டரும் எல்லை சொல்ல முடியாது. பச்சையோ கறுப்போ, விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்தடிக்காமல் விளைந்தாலும் எல்லாம் ஒன்றுதான். இனிக்கிற பழத்திலும் அந்த அமிலம் உண்டு. காயும்போது தண்ணீர் போய் அமிலம் செறிவாகிறதால் காய்ந்த திராட்சை இன்னும் மோசம்.

இதே அமிலம் மிக அதிகமாக இருக்கிற இன்னொரு பழம் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துப் பானையில் இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் வாந்தி வந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. மேற்கத்திய வீடுகளுக்குப் புளி அபூர்வம்; நமக்கு அன்றாடம். புளியோதரை, புளிக்குழம்பு, புளி மிட்டாய், புளியம்பழம் உடைக்கிற நாளில் திண்ணையில் சிதறிக் கிடக்கிற உருண்டை எல்லாம் நாயின் மூக்குக்கு எட்டாமல் இருக்கட்டும். மிஞ்சின குழம்புச் சோற்றில் புளி மட்டுமா, நாயின் ரத்த அணுக்களை உடைக்கிற வெங்காயமும் பூண்டும் உப்பும் காரமும் சேர்ந்து கிடக்கும். தாளிக்காத, உப்புக் குறைந்த தயிர்ச்சோறு போடு, அல்லது வெறும் சோற்றில் அவித்த முட்டை.

“எங்க காலத்துல ஒண்ணும் ஆகல”

இதைச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “நாங்க போடாத திராட்சையா? எங்க நாய் பதினாலு வருஷம் இருந்துச்சு.” நானும் அந்தப் பெரியவர்கள் கூட்டத்தில் ஒருவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அந்தச் சாட்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

தின்றும் பிழைத்த நாயை ஊருக்கே தெரியும். அது வாசலில் படுத்திருக்கும். செத்த நாயை யார் விசாரித்தார்கள்? நாய் இரண்டு நாள் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்து, பிறகு எங்கோ வேலியோரம் போய்ப் படுத்துவிட்டால், “பாம்பு கடிச்சிருக்கும்”, “எவனோ மருந்து வச்சுட்டான்”, “வயசாயிருச்சு” என்று சொல்லிக் குழி தோண்டினார்கள். சிறுநீரகம் கெட்டதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிற வழக்கம் அன்றைக்குக் கிராமத்தில் மாட்டுக்கே கிடையாது. கணக்கில் வராத சாவுகள் மேல் உட்கார்ந்துகொண்டு, கணக்கில் வந்த பிழைப்புகளை எண்ணுவது அனுபவம் ஆகாது.

இதை நாய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. ஹெல்மெட் போடாமல் நாற்பது வருஷம் ஓட்டினேன் என்கிறவரும், படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கடனுக்கு ஜாமீன் நின்றேன் என்கிறவரும் பிழைத்தவர்கள். அதனால்தான் அவர்கள் பேச்சு உன் காதுக்கு வருகிறது. பெரியவர்கள் சொல்லைக் கேள். அதோடு, அந்தச் சொல்லில் யாருடைய குரல் இல்லை என்பதையும் யோசி. மரியாதைக்கு அதனால் ஒரு குறைவும் வராது.

பண்டத்துக்குள் பதுங்கியிருக்கிறது

திராட்சையைத் தட்டில் வைத்து நாய்க்கு நீட்டுகிறவர்கள் குறைவு. அது வேறு வேஷத்தில் வரும். சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி, லட்டு எல்லாவற்றிலும் நெய்யில் பொரித்த கிஸ்மிஸ் இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்கில் நிறையவே இருக்கும். கல்யாணப் பந்தியில் போடுகிற ஃப்ரூட் சாலட்டில் ஆப்பிளோடும் வாழையோடும் திராட்சையும் கலந்திருக்கும். “பழம்தானே” என்று ஒரு கரண்டி போட்டுவிடுவார்கள். பண்டிகை நாள், விருந்தாளி வருகிற நாள், வீட்டில் பிள்ளைகள் கூடுகிற நாள் இவைதான் நாய்க்கு ஆபத்தான நாட்கள். அன்றைக்கு எல்லோருக்கும் கை தாராளம்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடு. வெளியாள் யாரும் நாய்க்கு நேராக எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுக்க ஆசையென்றால் நீ நறுக்கி வைத்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே பிடிபடும். பெரியவர்களிடம் சொல்லத்தான் தயங்குவாய். “மாமா, திராட்சை அதுக்கு விஷம், இந்தப் பப்பாளியைக் குடுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல். விருந்தாளி முகம் ஒரு நிமிஷம் சுருங்கலாம். வாயில்லாத ஜீவனுக்காக அந்த ஒரு நிமிஷச் சங்கடத்தை ஏற்க முடியாதவள், நாளைக்கு உனக்காகவே ஒரு ‘வேண்டாம்’ சொல்ல வேண்டிய இடத்தில் எப்படிச் சொல்வாய்?

கடைப் பண்டத்திலும் கவனம் வேண்டும். சர்க்கரைப் பாகில் ஊறிய டப்பா பழம், ஜாம், பாட்டில் ஜூஸ் எதுவும் நாய்க்கு இல்லை. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட சூயிங்கம், மிட்டாய்களில் சைலிட்டால் இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், ஈரலும் கெடும். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, கணைய வீக்கம் உள்ள நாய்க்குச் சாதாரணப் பழத்தையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. கடைசியாக, எந்தப் பழத்தையும் கழுவிவிட்டு நறுக்கு. தோட்டத்தில் என்ன அடிக்கிறார்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

தின்றுவிட்டால்

எத்தனை கவனம் இருந்தாலும் ஒரு நாள் நழுவும். அன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்கே தெரிந்து வை.

திராட்சையோ கிஸ்மிஸோ புளியோ தின்றது தெரிந்தால், நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதே. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, பெரும்பகுதியை வெளியே கொண்டுவர முடியும். நேரம் கடந்து போனாலும் போ. இரண்டு நாள்வரை குளுக்கோஸ் பாட்டில் மாதிரி நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். வாந்தி பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். பிறகு சோர்வு, சோறு மறுத்தல், வயிற்று வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீர் குறைந்து நின்றுபோனால் காப்பாற்றுவது கஷ்டம். நாய் துள்ளிக்கொண்டிருக்கும்போதே போவதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதே. வாந்தி வராவிட்டால் அந்த உப்பே நஞ்சாகிவிடும். கொட்டை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காதே. மேலே வருகிற கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போ. டாக்டரிடம் உண்மையைச் சொல். “எதுவும் குடுக்கல சார், தானா வாந்தி எடுக்குது” என்று வீட்டு மானம் காக்கப் பொய் சொல்கிறவர்களால் வீணாகும் நேரத்தை நான் பார்த்திருக்கிறேன். திட்டு விழுந்தால் விழட்டும். உங்கள் பகுதியில் எந்தக் கால்நடை மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்று விசாரித்து, அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வை.

கேட்பதெல்லாம் பசி இல்லை

உன் தோழி வீட்டில் லாப்ரடார் இருக்கிறது என்றாய். எந்நேரமும் தட்டின் பக்கத்திலேயே நிற்கிறது, பாவமாக இருக்கிறது என்றாய். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயிறு நிறைந்த சேதியை மூளைக்குச் சொல்கிற வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவில் சிறு துண்டு அறுந்து போயிருப்பதை லாப்ரடார்களில் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு அந்தக் குறை உண்டு. அவை தின்று முடித்த பிறகும் கேட்கும். பொய்யாகக் கேட்கவில்லை, அவற்றுக்கு நிஜமாகவே போதவில்லை. இப்போது சொல், கண்ணைப் பார்த்துக் கொடுப்பதா, கணக்கைப் பார்த்துக் கொடுப்பதா?

இன்னொரு ஆய்வு உண்டு. அதைப் பூரினா என்ற தீவன நிறுவனம் 1987-இல் தொடங்கியது. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவு: குறைவாகத் தின்ற நாய்களில் பாதி 13 வயதுவரை வாழ்ந்தன, தாராளமாகத் தின்றவற்றில் பாதி 11.2 வயதுவரை. மூட்டு வலியும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நீட்டிய கையை நடுவில் நிறுத்தியதில் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வருஷம். நாயின் ஆயுளில் அது பெரிய பங்கு.

நீ இப்போது சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டாய். இனிமேல் உன்னிடம் கேட்கிறவர்கள் கூடுவார்கள். தம்பி பைக் கேட்பான், சிநேகிதி கடன் கேட்பாள், நாளைக்கு உன் பிள்ளை போன் கேட்கும். எல்லோர் கண்ணும் நாய்க்குட்டியின் கண்ணாகத்தான் இருக்கும். கேட்கிறவரை வெறுக்காமலும், கேட்டதை அப்படியே கொடுக்காமலும், இது இவருக்கு ஆகுமா என்று பார்த்து, ஆகிற அளவில், கொட்டை நீக்கிக் கொடுக்கப் பழகு. கொடுக்க முடியாதபோது வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசி. திராட்சை இல்லையென்றால் பப்பாளி இருக்கிறது. பப்பாளியும் இல்லாத நாளில் அதோடு சேர்ந்து நடந்து போவது இருக்கிறது. நாய்க்கு அது பழத்தைவிடப் பெரிய விருந்து.

அடுத்த மாதம் நீ ஊருக்கு வரும்போது உன்னிடம் கேட்கப் போகிற முதல் ஆள் நான்தான். எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வழியில் அல்வா வாங்கி வரச் சொல்லிப் போன் போடுவேன். “ஒரே ஒரு துண்டு தாயி, ஒண்ணும் ஆகாது” என்பேன். எங்கள் அப்பா தொண்ணூறு வயசுவரை தினம் தின்றார் என்று சாட்சியும் சொல்வேன். நம்பிவிடாதே. கால் கிலோ கொய்யா வாங்கி வா. கோபித்துக்கொண்டு தின்பேன்.

இப்படிக்கு,
உன் தாத்தா